அடிக்காத மணி

கண்ணு,

போன வெள்ளிக்கிழமை நம்ம பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கடற்கரை ஊருக்கு வாத்தியாராகப் போகிற உனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். நீ பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கப்பா முழங்கையால் இடித்துப் பார்த்தார். அப்போதும் என் கை எழவில்லை. சிங்காநல்லூருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ, "ஏம்மா, நான் பேசினது நல்லா இல்லீங்களா?" என்று கேட்டாய். தலைவலி என்று சொன்னேன். தலைவலி ஒன்றுமில்லை. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலில் நின்றால் எதற்கு வந்தோம் என்று மறந்துபோகிறது. மூன்று தரம் உன்னிடம் சொல்ல வந்தேன். நீ பெட்டியைத் திறந்து வைத்து, வால்வு ரேடியோவைப் பழந்துணியில் சுற்றி, அசையாமல் வைப்பதற்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூன்று தரமும் திரும்பிவிட்டேன். அதனால்தான் ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுகிறேன். முதலில் நீ படி. படித்த பிறகு இதையே பள்ளிக்கூட ஆண்டு மலரில் அச்சடிக்கக் கொடுக்கப்போகிறேன். ஊருக்கு முன்னால் நின்ற பொய்யை உன் காதில் மட்டும் சொல்லித் தீர்த்துக்கொள்வது நியாயமாகாது.

மேடையில் நீ என்ன சொன்னாய்? "எங்கம்மா குளத்து மதகில் ஒரு மணி வைத்தார்கள். வெள்ளம் வந்த அன்று அந்த மணி அடித்தது. நெசவாளர் தெரு மொத்தமும் கரையேறித் தப்பித்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, நானும் அந்தக் கூட்டத்தில் ஓடினேன். கரைமேல் எங்கம்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த மணியைத்தான் இப்போது கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்" என்றாய். நீ ஓடியது உண்மை. நான் கரைமேல் நின்றதும் உண்மை. ஆனால் கண்ணு, அந்த மணி அன்றைக்கு அடிக்கவில்லை. அதன் கம்பியை நானே என் கையால் கழற்றிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அந்த வருஷம் நான் நாலாவது பாரத்துக்கு விஞ்ஞானம் எடுத்தேன். புத்தகத்தில் புயல், வெள்ளம், பூகம்பம் என்று ஒரு பாடம் இருந்தது. படங்களெல்லாம் எங்கோ வெளிநாட்டு ஊர்கள். பிள்ளைகள் கதை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலைக் காட்டி, "அந்தக் கரை உடைஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மேற்கே குளத்துக் கரை. அதற்கு நேர் கீழே பள்ளத்தில் நெசவாளர் தெரு, மண்சுவர் வீடுகள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதுதான் வீடு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "தண்ணி ஏறுறது நமக்கு முன்னாடியே தெரியறாப்பல ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அவள்தான் அருக்காணி. அவளுடைய அப்பா சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை, அம்மா தறி நெய்கிறவள்.

அவள் கேட்ட கேள்வியிலிருந்துதான் மணி வந்தது. இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை அடைத்து மிதவையாக்கினோம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், ஓர் அளவுக்கு மேல் ஏறினால் இரண்டு செப்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடும், தொட்டதும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மின்சார மணி அடிக்கும். அவள் அப்பா பட்டறையில் மிஞ்சின கம்பியைக் கொடுத்தார். கம்பியை மதகிலிருந்து பள்ளிக்கூடம் வரை கரையோரப் பனைமரங்களில் கட்டிக் கொண்டுவந்தோம். அதோடு அருக்காணி மதகுப் படிக்கட்டில் சுண்ணாம்பால் கோடு போட்டு எண் எழுதினாள். தினமும் காலையில் எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து வகுப்பில் சொல்லுவாள். உங்கப்பா மில்லிலிருந்து வந்ததும் வராததுமாக, "உங்க மணி இன்னைக்கு அடிச்சுதா?" என்று கேலி பேசுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை அதிகமாகவே இருந்தது.

கம்பி எட்டாமல் ஓரிடத்தில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது. இரண்டு கம்பிக்கும் ஒரே இடத்தில் ஒட்டு. நானேதான் முறுக்கினேன். அருக்காணி கிட்டே வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு மேல துணி நாடா சுத்தி வார்னிஷ் பூசோணுங்க. எங்கய்யன் பூசாம உடமாட்டாரு. ரெண்டும் ஒரசுச்சுன்னா தண்ணி ஏறாமயே மணி அடிச்சுரும்" என்றாள். அன்று சாயங்காலம் பெரிய ஆபீசர் ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் மணி தயாராக வேண்டும் என்று எனக்கு அவசரம். "நாளைக்குப் பாத்துக்கலாம், நீ போ" என்றேன். அந்த நாளை வரவில்லை. அந்த ஒட்டை நான் மறந்தே போனேன்.

புரட்டாசியில் ஒரு நாள், நல்ல வெயில், மத்தியான நேரம், மணி அடித்தது. விடாமல் அடித்தது. நானே வராந்தாவில் நின்று, "ஓடுங்க, எல்லாரும் கரைக்கு ஓடுங்க" என்று கத்தினேன். பிள்ளைகள் தெருவுக்கு ஓடிச் சொல்ல, தெரு மொத்தமும் தறியை விட்டு எழுந்து ஓடியது. ஒரு வீட்டில் பெண்ணுக்குச் சீர் நடந்துகொண்டிருந்தது, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து ஓடினார்கள். கரையேறிப் பார்த்தால் குளத்தில் தண்ணீர் அரைக்கும் கீழே கிடந்தது. காற்றில் அந்த ஒட்டு உரசியிருக்கிறது. ஓடின நெரிசலில் ஒரு நெசவாளர் விழுந்து கை முறிந்துபோனது. கை முறிந்தால் அவருக்குத் தறி இல்லை, தறி இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு இல்லை.

அன்று மூன்று மணிக்கு ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்து முற்றத்தில் நின்றார்கள். ஹெட்மாஸ்டர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். "இந்தக் கம்பியைக் கட்டினது யாருங்க?" அந்த ஊரில் அப்போது படித்து வேலைக்கு வந்த பொம்பளை நான் ஒருத்திதான். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று எல்லோரும் சொல்லப்போகிறார்கள், நாளையிலிருந்து எந்தப் பிள்ளையும் என் பேச்சைக் கேட்காது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. பயந்தேன், அவ்வளவுதான். "அருக்காணி கட்டினதுங்க. அவங்கய்யன் பட்டறைன்னு சொன்னாளே, தெரியும்னு நெனச்சு உட்டுட்டேன்" என்றேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் அவள் அப்பா வந்து, "படிச்சது போதுமுங்க" என்று சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே ஹெட்மாஸ்டர் மணியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், கழற்றும்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு சனிக்கிழமை காலை. நம்ம ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் மேற்கே மலைப்பக்கம் பேய்மழை பெய்தது எங்களுக்கு யாருக்கும் தெரியாது. நீ உன் சிநேகிதன் வீட்டுக்கு, அதே நெசவாளர் தெருவுக்கு, கோலி விளையாடப் போயிருந்தாய். நான் கஞ்சி போட்ட சேலைகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அருக்காணி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் அவள் தினமும் மதகுப் படிக்கட்டுக்குப் போய்க் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. "டீச்சர், வெடியால பாத்தப்ப ஏழாவது கோட்டுல இருந்துச்சுங்க. இப்பப் பதினொண்ணுல இருக்குது. கரைக்குத் தெக்கால பக்கம் கசியுதுங்க. மணியைத் திருப்பி மாட்டுங்க டீச்சர்" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா கண்ணு? வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மேகம் இல்லை. "நல்லாப் பாத்தியா? கோடு அழிஞ்சிருக்கப்போகுது" என்றேன். "நல்லாப் பாத்தேனுங்க" என்றாள். "சரி, நீ போ, நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். உள்ளே போய்ச் சேலை மாற்றினேன். தலை வாரினேன். குடையைத் தேடினேன். இன்னொரு தரம் ஊர் என்னைப் பார்த்துச் சிரிப்பாய்ச் சிரிக்கக்கூடாது, என் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது, இதுதான் என் மனசில் ஓடியது. நீ அந்தத் தெருவில் இருக்கிறாய் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. இந்த ஒன்றை எழுதப்போய் இரண்டு காகிதத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு இது மூன்றாவது.

அருக்காணி எனக்காகக் காத்திருக்கவில்லை. நேராகத் தெருவுக்கு ஓடியிருக்கிறாள். வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கிறாள். "போன மாசம் ஒரு ஆளு கையை முறிச்சாச்சு, இன்னைக்கு யாரு கால முறிக்க வந்தே?" என்று விரட்டிவிட்டார்கள். தெருவில் அப்போது மூன்று பாவு இழுத்துக் கட்டியிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்களே, அதுதான். ஒரு பாவு போனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாசத்துச் சோறு போகும். அவள் வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து முதலில் தன் அம்மாவின் பாவை அறுத்தாள். அவள் அம்மா அலறினாள். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தார்கள், யாரும் நகரவில்லை. அடுத்த பாவை அறுத்தாள். அதற்கு அடுத்ததையும் அறுத்தாள். அறுத்துவிட்டு அரிவாளைப் போட்டுவிட்டுக் கரையை நோக்கி ஓடினாள்.

அப்போதுதான் தெரு எழுந்தது. "புடிங்கடா அவளை" என்று ஆணும் பெண்ணும் கம்பை எடுத்துக்கொண்டு துரத்தினார்கள். சின்னப் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே வேடிக்கைக்குப் பின்னால் ஓடினார்கள். நீ ஓடினாயே கண்ணு, அந்த ஓட்டம்தான் இது. வெள்ளத்துக்குப் பயந்து ஓடின ஓட்டமில்லை. ஒரு பெண்ணை அடிக்க ஓடின ஓட்டம். அவள் கரைமேல் ஏறி நின்று திரும்பினாள். துரத்தி வந்தவர்களும் ஏறினார்கள். ஏறினவர்கள் அவளைப் பார்க்கவில்லை, குளத்தைப் பார்த்தார்கள். கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே செக்கச்செவேலென்று தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கம்பைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடினார்கள், தூக்கக்கூடியவர்களைத் தூக்கிக்கொண்டு, இழுக்கக்கூடிய மாட்டை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். நான் குடையோடு கரையின் இன்னொரு பக்கம் ஏறி வந்தேன். நீ என்னைப் பார்த்து ஓடி வந்து என் சேலையைக் கட்டிக்கொண்டாய். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தெற்கே கரை வாயைத் திறந்தது. அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கும். தெருவில் ஒரு சுவர் மிஞ்சவில்லை. ஆனால் ஒரு உயிர் போகவில்லை.

மறுநாள் ஆபீசர்கள் வந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைக் காட்டி, "டீச்சரம்மா சொல்லித்தானுங்க அந்தப் புள்ள வந்து சொல்லுச்சு" என்றார். நான் மறுக்க வாயெடுத்தேன். அதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. அடுத்த வாரம் பத்திரிகையில், மணி அடித்துத் தெரு தப்பித்தது என்று வந்தது. அடுத்த வருஷம், மணிச் சத்தத்தைத் தன் காதால் கேட்டதாகவே ஒருவர் சத்தியம் பண்ணினார். மணி கழற்றியிருந்தது ஹெட்மாஸ்டருக்குத் தெரியும். அவரும் பேசவில்லை, அந்தப் பெருமையில் பாதி பள்ளிக்கூடத்துக்கும் வந்ததல்லவா. உங்கப்பாவிடம் மட்டும் சொன்னேன். "ஊரே சொல்லுது, நீ எதுக்கு மறுக்கோணும்? நல்லதுதானே நடந்துது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. அருக்காணியின் குடும்பம் வீடும் போய், மூன்று பாவுக்கு நூல் கொடுத்த முதலாளிகளுக்குப் பதில் சொல்லவும் முடியாமல், பல்லடத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. போகிற அன்று அவள் அப்பா அவளைக் கை நீட்டி அடித்தார் என்று கேள்விப்பட்டேன். நாளைக்குப் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். பதின்மூன்று வருஷம் போய்விட்டது.

உன் பேச்சைக் கேட்ட பிறகு என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை உங்களிடம் கடைவீதிக்கு என்று சொல்லிவிட்டு நான் பல்லடம் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது, பேசினால் காது கேட்காது. அவள் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். தறியை நிறுத்தினாள். "வாங்க டீச்சர்" என்று பாய் போட்டு, மோர் கொடுத்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டுப் போட்டது நான், பழியை உன்மேல் போட்டது நான், மாலையை வாங்கிக்கொண்டது நான் என்று சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவள் கையிலிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாலை எனக்கு வேண்டாமுங்க டீச்சர். அது கெடக்குது. அந்த ஒட்டு நான் போட்டது இல்லீன்னு அன்னைக்கே அந்த முற்றத்துல நீங்க சொல்லியிருந்தா, நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சிருப்பேனுங்க."

அழுகையில்லாமல், கோபமில்லாமல் சொன்னாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அதைத் திரும்பக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஆண்டு மலரில் எழுதப்போகிறேன் என்றேன். "எழுதுங்க. எம் பொண்ணு ஆறாவது படிக்கறா, வாசிக்கட்டும்" என்றாள்.

நீ இப்போது ஒரு கடற்கரை ஊரில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கப் போகிறாய். புயல் எப்படி உண்டாகிறது என்று படம் போட்டுக் காட்டுவாய், பிள்ளைகளைக் கொண்டு ரேடியோ பொருத்துவாய், கரையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கம்பி இழுத்து, மில்லில் ஊதுகிற மாதிரி ஒரு சங்கு வைப்பாய். எல்லாம் செய். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அது ஒரு நாள் தப்பாக ஊதும். ஊதாமல் இருக்காது. அன்றைக்கு மீனவர்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன் முன்னால் நின்று யார் காரணம் என்று கேட்பார்கள். அப்போது உன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைப் பொறுத்துத்தான், அடுத்த முறை உன் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று பேசுமா பேசாதா என்பது இருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தில் வெள்ளம் இருந்தது, மிதவை இருந்தது, மின்சாரம் இருந்தது. தப்புச் செய்தவர் தப்பை ஒத்துக்கொண்டால்தான் அந்தக் கருவியை ஊர் மறுபடி நம்பும் என்பது அதில் இல்லை. நீ அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடு. என் பேரைச் சொல்லியே சொல்.

நான் கிளம்பும்போது அருக்காணி வாசல் வரை வந்தாள். நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். கடற்கரை, கம்பி, சங்கு எல்லாம் சொன்னேன். அவள் முகம் சட்டென்று மாறியது, பதினாலு வயசில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாளே அதே முகம். "ஏனுங்க டீச்சர், பொயலு வந்தா மொதல்ல அறுந்துபோறது கம்பிதானுங்களே? அறுந்துபோச்சுன்னா தம்பி எப்படிச் சங்கு ஊதுவாரு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்புகிறாய். ரயிலுக்குச் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது. காலை பஸ்ஸில் பல்லடம் போய்விட்டு வா. விலாசம் இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் கேட்டதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல். இல்லாவிட்டால் அவளையே கேள், நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போ.

உன் அம்மா